‘டூயல்’ (1971): 24 வயது இயக்குநரின் படம் என்று மட்டும் சொன்னால் போதுமா?

ரீல்பெட்டி:

ஸ்பீல்பெர்க் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் ‘டூயல்’ பற்றி ஒரே வரிதான் வருகிறது: “24 வயதுப் பையன், கையில் ஒன்றும் இல்லாமல், 13 நாளில் எடுத்த டெலிஃபிலிம்.” வயது சரி, நாள் கணக்கும் ஏறக்குறைய சரி. “கையில் ஒன்றும் இல்லாமல்” என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. போன வாரம் மறுபடி பார்த்தபோது தொடக்கத்தில் வரும் பெயர்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். அதற்கு முன் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தேடிப் படித்ததில் இரண்டு ராத்திரி போய்விட்டது. அதை இங்கே எழுதி வைக்கிறேன், தெரிந்தவர்கள் சேருங்கள்.

பார்க்காதவர்களுக்குக் கதை: டேவிட் மான் என்ற விற்பனைப் பிரதிநிதி ஒரு சிவப்பு பிளிமத் வேலியன்ட் காரில் கலிஃபோர்னியாவின் வறண்ட மலைச்சாலையில் போகிறார். துருப்பிடித்த பழைய டேங்கர் லாரி ஒன்றை முந்துகிறார். அதற்குப் பிறகு அந்த லாரி அவரைக் கொல்லப் பார்க்கிறது. அவ்வளவுதான். லாரிக்காரரின் முகம் கடைசிவரை தெரியாது. ஏபிசி தொலைக்காட்சியில் 1971 நவம்பர் 13, சனிக்கிழமை ஒளிபரப்பானது. விளம்பர நேரம் போக 74 நிமிடம்.

முதலில் எழுத்தாளர் ரிச்சர்ட் மேத்சன். அப்போது அவருக்கு 45 வயது. ‘ஐ ஆம் லெஜண்ட்’ நாவல் வந்து 17 வருடம் ஆகியிருந்தது. ‘ட்வைலைட் ஸோன்’ தொடரில் 16 எபிசோடுகளில் அவர் பெயர் இருக்கிறது. விமான இறக்கையில் ஒரு பிராணி நிற்பதைப் பார்த்து ஒருவன் அலறுவானே, வேறு யாருமே நம்ப மாட்டார்களே, 1963இல் வந்த அந்த எபிசோட் இவர் எழுதியதுதான். சாதாரண மனிதன், அவனைக் குறிவைக்கும் ஒரு பயங்கரம், கூட இருப்பவர்கள் நம்புவதில்லை. ‘டூயல்’ படத்தில் சாலையோர உணவகத்தில் மான் ஒவ்வொருவர் காலணியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சியை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1961இல் அவர் எழுதிய ‘தி இன்வேடர்ஸ்’ எபிசோட். தனி வீட்டில் ஒரே ஒரு பெண், அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தைகூட வராது. பேச்சே இல்லாமல் ஒரு நாடகத்தை நகர்த்துவது எப்படி என்று மேத்சன் பத்து வருடம் முன்பே பழகிவிட்டார். எனவே பேச ஆளே இல்லாத ஒரு காருக்குள் கதையை ஓட்டுவது அவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

தயாரிப்பாளர் ஜார்ஜ் எக்ஸ்டைன். ‘தி ஃப்யூஜிடிவ்’ தொடரின் கடைசிக் கதையை மைக்கேல் ஜாகருடன் சேர்ந்து எழுதியவர். 1967 ஆகஸ்டில் அந்தக் கடைசி எபிசோடை அமெரிக்காவில் சுமார் 7.8 கோடிப் பேர் பார்த்தார்கள். செய்யாத குற்றத்துக்காக ஓடிக்கொண்டே இருக்கும் மனிதனின் கதை அது. துரத்தப்படுகிறவனை வைத்துப் பார்வையாளர்களை எவ்வளவு நேரம் கட்டிப்போடலாம் என்பது இவருக்குத் தெரியாதா?

ஒளிப்பதிவாளர், ஸ்டண்ட், இசை எல்லாம் இருக்கிறது. அடுத்து எழுதுகிறேன், கை வலிக்கிறது.

இடைவேளை:

நல்ல தொகுப்பு. ஆனால் ஒரு கேள்வி. மேத்சன் எத்தனையோ டெலிஃபிலிம் எழுதினார், எக்ஸ்டைன் எத்தனையோ தயாரித்தார். ஏபிசி அந்தக் காலத்தில் வாராவாரம் புதுப்படம் போட்டது. அவற்றில் எத்தனை நமக்கு நினைவில் இருக்கின்றன? இதே அனுபவசாலிகள் வேறு இயக்குநர்களிடமும் வேலை செய்தார்களே, அங்கே ஏன் ‘டூயல்’ வரவில்லை? வித்தியாசம் இயக்குநர்தான் என்று நான் நினைக்கிறேன்.

ரீல்பெட்டி:

நியாயமான கேள்வி, அதைத் தட்டிக்கழிக்க மாட்டேன். இயக்குநரைக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. அவரும் “ஒன்றும் இல்லாமல்” வரவில்லை என்றுதான் சொல்ல வருகிறேன்.

1968இல் ‘ஆம்ப்ளின்’ என்ற குறும்படம், 26 நிமிடம். அதைப் பார்த்துவிட்டு யுனிவர்சல் ஸ்டுடியோவின் நிர்வாகி சிட்னி ஷைன்பெர்க் அவரைத் தொலைக்காட்சிக்கு ஒப்பந்தம் செய்தார். முதல் வேலை 1969இல் வந்த ‘நைட் கேலரி’ தொடரின் பைலட்டில், அதாவது முன்னோட்டப் படத்தில், ஒரு கதை. நடிப்பு யார் தெரியுமா, ஜோன் கிராஃபோர்டு! ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரத்தை 22 வயதில் இயக்க வேண்டிய நிலை. அதற்கு அப்புறம் ‘மார்கஸ் வெல்பி’, ‘தி நேம் ஆஃப் தி கேம்’, ‘தி சைக்கியாட்ரிஸ்ட்’ என்று எபிசோடுகள். ‘டூயல்’ வருவதற்கு இரண்டு மாதம் முன்னால், 1971 செப்டம்பர் 15 அன்று ‘கொலம்போ’ தொடரின் ‘மர்டர் பை தி புக்’ எபிசோட். எழுதியவர் ஸ்டீவன் போச்கோ. பின்னாளில் ‘ஹில் ஸ்ட்ரீட் ப்ளூஸ்’ தந்த அதே போச்கோ. ஒளிப்பதிவு ‘ஸ்பார்டகஸ்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கிய ரஸ்ஸல் மெட்டி.

அந்த இரண்டு வருடமும் அவருக்குப் பள்ளிக்கூடம். ஒரு நாளைக்குத் திரைக்கதையில் இத்தனை பக்கம் எடுத்தாக வேண்டும், இத்தனை மணிக்கு விளக்கை அணைத்தாக வேண்டும் என்ற கட்டாயத்தை அங்கேதான் கற்றுக்கொண்டார்.

தார்ச்சாலை:

வணக்கம். நான் சினிமாக்காரன் இல்லை. 11 வருடம் லாரி ஓட்டினேன், இப்போது சொந்தமாக ஒரு வண்டி வைத்திருக்கிறேன். என் மகன் இந்தப் படத்தைப் போட்டுக் காட்டினான். இழையைப் படித்ததும் கேட்கத் தோன்றியது.

படத்தில் ஒரு இடம். லாரிக்காரர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி “முந்திக்கொள்” என்று காட்டுவார். மான் நம்பி முந்துவார், எதிரே கார் வரும். அந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் தொழிலில் அந்தக் கை ஒரு வாக்கு மாதிரி. வளைவில் முன்னால் என்ன வருகிறது என்பது உயரத்தில் உட்கார்ந்திருக்கிற எங்களுக்குத்தான் தெரியும், பின்னால் வருகிறவர் நம் கையை நம்பித்தான் வண்டியை எடுப்பார். அந்தக் கையால் பொய் சொல்கிற ஆளைக் காட்டிவிட்டார்கள். அதற்குமேல் வில்லனுக்கு முகம் எதற்கு?

அந்த லாரியை ஓட்டியவர் யார்? நடிகரா, உண்மையான டிரைவரா? மலையிறக்கத்தில் அந்தப் பழைய வண்டியைக் காருக்குப் பின்னால் அவ்வளவு நெருக்கத்தில் வைத்திருப்பது சும்மா வராது.

ரீல்பெட்டி:

தார்ச்சாலை அண்ணா, இந்த இழைக்கு உங்களைப் போன்ற ஒருவர்தான் வேண்டும். ஓட்டியவர் பெயர் கேரி லாஃப்டின். அப்போது 57 வயது. ஹாலிவுட்டில் கார் ஸ்டண்ட் என்றால் முதலில் வரும் பெயர்களில் ஒன்று. 1963இன் ‘இட்ஸ் எ மேட் மேட் மேட் மேட் வேர்ல்ட்’ படத்தில் வேலை செய்தவர். ஸ்டீவ் மக்வீன் சான் ஃபிரான்சிஸ்கோ மேடுகளில் கார் ஓட்டும் ‘புல்லிட்’ படத்தின் ஸ்டண்டுகளை ஒருங்கிணைத்ததும் இவர்தான். 1971இலேயே ‘வானிஷிங் பாயின்ட்’ படத்திலும் இருக்கிறார். ஜன்னலில் நீளும் அந்தக் கையும் இவருடையதுதான்.

ஸ்பீல்பெர்க் பேட்டிகளில் சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. இந்த டிரைவர் ஏன் இப்படிச் செய்கிறான் என்று லாஃப்டின் கேட்டாராம். நீ ஒரு படுமோசமான ஆள், அவ்வளவுதான் காரணம் என்று இயக்குநர் பதில் சொன்னாராம். அப்படியென்றால் சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறாய் என்றாராம் லாஃப்டின்.

வண்டி 1955ஆம் வருட பீட்டர்பில்ட் 281. சில லாரிகளை வரிசையாக நிறுத்திப் பார்த்து இதைத் தேர்ந்தெடுத்தார்கள். முன்பக்கம் ஒரு முகம் போல இருந்ததுதான் காரணம்.

குறும்பட வசந்தா:

காரை ஓட்டியதும் லாஃப்டின்தான் என்று எங்கோ படித்தேனே?

ரீல்பெட்டி:

இல்லை வசந்தா. டென்னிஸ் வீவருக்குப் பதிலாகக் காரை ஓட்டியவர் டேல் வான் சிகல். அவர் வாழ்க்கையும் விசேஷமானது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆடி, 1928இல் தேசிய அளவிலான முதல் அணிக்குத் தேர்வானவர். அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து அப்படித் தேர்வான முதல் ஆள். பிறகு சினிமாவுக்கு வந்து ரிபப்ளிக் ஸ்டுடியோவின் தொடர்படங்களில் குதித்தும் விழுந்தும் சண்டை போட்டும் பெயர் வாங்கினார். 1961இல் ஸ்டண்ட் கலைஞர்கள் சங்கம் தொடங்கியபோது முதல் தலைவர் அவர்தான். ‘டூயல்’ எடுக்கும்போது 63 வயது.

ஆக, அந்தச் சாலையில் ஒருவரையொருவர் துரத்திய இருவரின் வயதைக் கூட்டினால் 120. இயக்குநரின் வயதைப் போல ஐந்து மடங்கு!

குறும்பட வசந்தா:

நன்றி. நான் சின்னத்திரையில் உதவி இயக்குநராக இருக்கிறேன், அதனால் எனக்கு வேறு ஒரு பெயர் கண்ணில் பட்டது. முதல் உதவி இயக்குநர் ஜேம்ஸ் ஃபார்கோ. ஐந்து வருடம் கழித்து கிளின்ட் ஈஸ்ட்வுட்டின் ‘தி என்ஃபோர்சர்’ படத்தை இயக்கியவர் இவர்தான். இந்தக் குழுவில் இருந்தவர்களுக்குப் ‘பிறகு’ என்ன ஆனது என்பதையும் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

10 நாளுக்குத் திட்டமிட்டு 12, 13 நாளில் முடித்தார்கள் என்பதைப் படிக்கிறவர்கள் “அட, மூன்று நாள் தாண்டிவிட்டதே” என்று நினைக்கலாம். எனக்கு ஆச்சரியம் அவ்வளவுதான் தாண்டியது என்பதில். வண்டிக் காட்சி எடுத்தவர்களுக்குத் தெரியும். ஒரு டேக் சரியில்லை என்றால் காரையும் லாரியையும் கேமரா வண்டியையும் திருப்பி, பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, சூரியன் நகர்ந்ததைப் பார்த்து நிழலைச் சரிக்கட்டி மறுபடி ஆரம்பிக்க வேண்டும். காரில் இருவர் பேசும் சின்னக் காட்சிக்கே எங்களுக்கு ஒரு மத்தியானம் போய்விடும். இவர்கள் முழுப்படத்தையும் அப்படி எடுத்திருக்கிறார்கள். உதவி இயக்குநர் தடுமாறினால் அந்த அட்டவணை இரண்டாம் நாளே உடைந்திருக்கும்.

இடைவேளை:

வசந்தா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அந்த வெளிப்புறப் படப்பிடிப்பு முடிவு யாருடையது? காருக்குள் வரும் காட்சிகளை ஸ்டுடியோவில் பின்திரை போட்டு, அதாவது நிற்கும் காருக்குப் பின்னால் சாலையைத் திரையில் ஓடவிட்டு, எடுத்துவிடலாம் என்பதுதான் நிர்வாகத்தின் எண்ணம். ஸ்பீல்பெர்க் பிடிவாதமாக மறுத்து முழுவதையும் சாலையிலேயே எடுத்தார். சோலடாட் பள்ளத்தாக்கு, அகுவா டல்சே, ஆக்டன் பக்கம். படம் முழுவதையும் மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு நீண்ட வரைபடமாக வரையச் சொல்லி, விடுதி அறைச் சுவரைச் சுற்றி ஒட்டி வைத்திருந்தார். எந்த வளைவில் என்ன நடக்கிறது, கேமரா எங்கே நிற்கிறது என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தத் தெளிவு இல்லை என்றால் எத்தனை அனுபவசாலிகள் இருந்தும் பயன் இல்லை.

ரீல்பெட்டி:

ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பிடிவாதம் முழுக்க அவருடையதே, பின்திரை போட்டிருந்தால் இன்று இந்த இழையே இருந்திருக்காது. முந்தைய பதிவில் நான் அவருக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

ஆனால் இடைவேளை, அந்தப் பிடிவாதம் நிறைவேறியது எப்படி என்று பாருங்கள். ஒளிப்பதிவாளர் ஜாக் மார்ட்டா, 1903இல் பிறந்தவர், அப்போது 68 வயது. ரிபப்ளிக் ஸ்டுடியோவில் ஜான் வெய்ன் காலத்து வெஸ்டர்ன் படங்களை எடுத்தவர். 1940இன் ‘டார்க் கமாண்ட்’ அவருடையது. லீ மார்வினுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்த ‘கேட் பலூ’ படத்துக்கும் அவர்தான். நம் பேச்சுக்கு இதைவிட முக்கியமானது ‘ரூட் 66’. 1960 முதல் 1964 வரை ஓடிய தொடர். இரண்டு இளைஞர்கள் ஒரு கார்வெட் காரில் ஊர் ஊராகப் போவார்கள். ஸ்டுடியோவில் ஊர் செட் போடாமல் உண்மையிலேயே அமெரிக்கா முழுக்க வண்டி கட்டிக்கொண்டு போய் எடுத்த தொடர் அது. அதன் ஒளிப்பதிவு மார்ட்டா. ஓடும் கார், தார்ச்சாலை, உச்சிவெயில், கண்ணாடியில் அடிக்கும் ஒளி, இவற்றோடு வருடக்கணக்கில் குடும்பம் நடத்தியவர். ‘டூயல்’ ஒளிப்பதிவுக்காக அமெரிக்கத் தொலைக்காட்சியின் பெரிய விருதான எம்மிக்குப் பரிந்துரையும் கிடைத்தது. ஒலித் தொகுப்புக்கு எம்மி விருதே கிடைத்தது.

இன்னொன்று, கேமரா வண்டி. தரையை உரசுவதுபோலத் தாழ்வாகக் கேமரா வைத்து ஓடக்கூடிய அந்த வண்டியை வடிவமைத்தவர் பேட் ஹஸ்டிஸ். ‘புல்லிட்’ படத்தில் பயன்பட்ட அதே வண்டி. லாரியின் சக்கரமும் முகப்பும் அவ்வளவு பெரிதாக நம் மேல் வந்து விழுவதுபோலத் தெரிவதற்கு அந்தத் தாழ்வான கோணம் ஒரு காரணம். இயக்குநர் கேட்டார் என்பது உண்மை. கேட்டதைக் கொடுக்க அந்த ஊரில் ஆளும் வண்டியும் தயாராக இருந்தது என்பதும் அதே அளவு உண்மை.

நிலாமுற்றம்:

அமைதியாகப் படித்துக்கொண்டிருந்தேன், இசை பற்றி யாரும் எழுதவில்லையே!

பில்லி கோல்டன்பெர்க். நீங்கள் சொன்ன ‘நைட் கேலரி’ பைலட்டுக்கும் அந்த ‘கொலம்போ’ எபிசோடுக்கும் இவர்தான் இசை. அதாவது ஸ்பீல்பெர்க்குடன் ஏற்கெனவே பழகியவர். அதற்கும் முன்னால், 1968இல் எல்விஸ் பிரஸ்லி தொலைக்காட்சியில் மறுபிரவேசம் செய்த நிகழ்ச்சிக்கு இசை இயக்குநர். ஒரு பக்கம் எல்விஸ், இன்னொரு பக்கம் இந்த லாரி.

‘டூயல்’ படத்தில் மெட்டு என்று முணுமுணுக்க ஒன்றுமே கிடையாது. தந்திகள் கீறுவது போலவும் தாளக் கருவிகள் தூரத்தில் இரும்பு தட்டுவது போலவும் இருக்கும். பல இடங்களில் எஞ்சின் எங்கே முடிகிறது, இசை எங்கே தொடங்குகிறது என்று எனக்குப் பிரிக்கவே முடியவில்லை. அவரை அந்த டேங்கரிலேயே லாஃப்டின் பக்கத்தில் உட்காரவைத்துச் சில தடவை ஓட்டிக் காட்டினாராம் ஸ்பீல்பெர்க். ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வருவதற்கு முன்னால் இசையமைப்பாளரை வண்டியின் அதிர்வை உடம்பில் வாங்கவைத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த இசை வெளியிலிருந்து ஒட்டியது மாதிரித் தெரியவில்லை என்று நம்புகிறேன்.

மாதவன்_ஓசூர்:

படம் பிடித்திருந்தது. ஹீரோ புதுமுகமா? வேறு எதிலும் பார்த்த நினைவு இல்லை.

நிலாமுற்றம்:

புதுமுகம் இல்லை மாதவன். டென்னிஸ் வீவர் அமெரிக்க வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த முகம். ‘கன்ஸ்மோக்’ தொடரில் காலை விறைப்பாக வைத்து நடக்கும் செஸ்டராக 1955 முதல் வருடக்கணக்கில் நடித்தார், அதற்கு 1959இல் எம்மி வாங்கினார். ‘டூயல்’ வந்த சமயத்தில் ‘மக்கிளவுட்’ தொடரில் அவரே நாயகன். ஸ்பீல்பெர்க்குக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’. அதில் பாலைவன விடுதியில் இரவு வேலை பார்க்கும் நடுங்கிப்போன ஆளாக வருவார். அந்த நடுக்கம்தான் இங்கே மானுக்குத் தேவைப்பட்டது. இதில் ஒரு பொருத்தம்: ரீல்பெட்டி சொன்ன ரஸ்ஸல் மெட்டிதான் ‘டச் ஆஃப் ஈவில்’ படத்துக்கும் ஒளிப்பதிவு.

வீவர் ஓடுவதையும் கவனியுங்கள். 1948 ஒலிம்பிக்குக்கான அமெரிக்கத் தகுதிப் போட்டியில் டெகத்லானில் (ஓட்டம், தாண்டுதல், எறிதல் என்று பத்துப் போட்டிகள் சேர்ந்தது) ஆறாவதாக வந்தவர்.

இடைவேளை:

கதை எப்படி இவர்கள் கைக்கு வந்தது என்பதையும் யாராவது எழுதுங்கள். அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

ரீல்பெட்டி:

1963 நவம்பர் 22. மேத்சனும் நண்பர் ஜெர்ரி சோலும் கோல்ஃப் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். கென்னடி சுடப்பட்ட செய்தி வருகிறது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு வீடு திரும்பும்போது குறுகலான மலைப்பாதையில் ஒரு லாரி பின்னால் ஒட்டிக்கொண்டு விடாமல் துரத்துகிறது. ஒதுங்கித் தப்பிக்கிறார்கள். அன்று மனசு ஏற்கெனவே கலங்கியிருக்கிறது, அதன் மேல் இது. அந்த எண்ணத்தைத் தொலைக்காட்சித் தொடர்களிடம் சொல்லிப் பார்க்கிறார், யாரும் எடுக்கவில்லை. கடைசியில் குறுநாவலாக எழுதுகிறார். 1971 ஏப்ரலில் ‘பிளேபாய்’ இதழில் வருகிறது. அதைப் படித்துவிட்டு ஸ்பீல்பெர்க்கிடம் கொண்டுபோய்க் கொடுத்தவர் அவருடைய செயலாளர் நோனா டைசன். ஏப்ரலில் அச்சான கதை நவம்பரில் திரையில் ஓடிவிட்டது. ஆனால் அதற்கு முன்னால் ஏழு வருடத்துக்கும் மேல் அது மேத்சன் தலைக்குள் ஓடியிருக்கிறது.

நோனா டைசனின் பெயர் எந்த விருதுப் பட்டியலிலும் இருக்காது. சரியான கதையைச் சரியான மேஜையில் வைத்தது அவர். என்னைக் கேட்டால் அவரையும் படைப்புக் குழுவில்தான் சேர்ப்பேன்.

குறும்பட வசந்தா:

கட்டாயம் சேர்க்க வேண்டும்.

படத்தொகுப்பாளர் ஃபிராங்க் மோரிஸையும் விட்டுவிடாதீர்கள். பிற்பாடு ‘ப்ளூ தண்டர்’, ‘ரொமான்சிங் தி ஸ்டோன்’ இரண்டுக்கும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். ஒளிபரப்புத் தேதி தலைக்கு மேல் தொங்க, சில வாரங்களில் முடித்த தொகுப்பு இது. ஐரோப்பியத் திரையரங்குகளுக்காகப் பிறகு பள்ளிப் பேருந்து, ரயில் கடவை, மனைவியுடன் தொலைபேசி என்று சில காட்சிகளைப் புதிதாக எடுத்துச் சேர்த்து 90 நிமிடமாக்கினார்கள். அந்த வடிவம்தான் 1973இல் பிரான்சின் அவோரியா விழாவில் பெரிய பரிசு வாங்கியது. இருந்தாலும் எனக்கு 74 நிமிட வடிவம்தான் இறுக்கமாக இருக்கிறது. தொலைபேசிக் காட்சியில் மான் பற்றி நமக்கு விவரம் கூடுகிறது, பயம் குறைகிறது. ரயில் கடவை மட்டும் விதிவிலக்கு, அதை யாரும் வெட்டக் கூடாது.

இடைவேளை:

முடிவு விஷயத்தில் எக்ஸ்டைனைப் பாராட்ட வேண்டும். லாரி விழுந்து வெடிக்க வேண்டும் என்று ஏபிசி எதிர்பார்த்தது. ஸ்பீல்பெர்க் வெடிக்கவைக்கவில்லை. அவர் பக்கம் நின்று தொலைக்காட்சிக்காரர்களிடம் பேசியவர் எக்ஸ்டைன். 24 வயது இயக்குநர் தனியாக வாதாடியிருந்தால் நடந்திருக்குமா தெரியவில்லை. இந்த ஒரு இடத்தில் ரீல்பெட்டியின் கட்சிக்கு வருகிறேன்.

லாரி விழும்போது ஒரு மிருகத்தின் உறுமல் கேட்குமே, அது ஒரு பழைய டைனோசர் படத்து ஒலி. நான்கு வருடம் கழித்து ‘ஜாஸ்’ முடிவில் சுறா கடலுக்குள் இறங்கும்போதும் அதையே வைத்தார் ஸ்பீல்பெர்க்.

தார்ச்சாலை:

நேற்று ராத்திரி மகனுடன் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். இந்த முறை நீங்கள் சொன்ன பெயர்களை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

இடைவேளை சொன்ன முடிவு சரி. வண்டி வெடிக்கவில்லை. மெதுவாக, புழுதியில் உருண்டு உருண்டு விழுகிறது. ஒரு வண்டி சாவது அப்படித்தான் இருக்கும், நான் பார்த்திருக்கிறேன். விழுந்த பிறகும் சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கிறதே, அதைப் பார்த்து என்னால் கொஞ்ச நேரம் பேச முடியவில்லை. கொலைகார வண்டி என்று தெரிந்தும் மனசு கனத்தது.

அப்புறம் மான் மலை விளிம்பில் உட்கார்ந்து கல்லை எறிந்துகொண்டிருக்க, சூரியன் இறங்குகிறது. பெயர்கள் வரும்போது மகன் அணைக்கப் போனான், வேண்டாம் என்றேன். நடிகர் பட்டியலில் லாரி ஓட்டுநர் என்று போட்டு கேரி லாஃப்டின் பெயர் வந்தது. கார் ஓட்டுநர் என்று டேல் வான் சிகல் பெயரும் வந்தது. இரண்டையும் நிறுத்தி அவனிடம் படித்துக் காட்டினேன்.

ரீல்பெட்டி:

நன்றி அண்ணா. ‘ரூட் 66’ எபிசோடுகள் சிலவற்றைத் தேடி வைத்திருக்கிறேன், மார்ட்டா எடுத்தவை. இந்த வாரம் பார்த்துவிட்டுச் சாலைக் காட்சிகளை மட்டும் தனியாக எழுதுகிறேன். வசந்தா, நேரம் கிடைத்தால் ஃபார்கோவின் மற்ற படங்களைப் பற்றி நீங்கள் தொடருங்கள்.